திசை மாறியதைச் சொல்ல எந்த ஆங்கிலச் சொல்? எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஓ.டி. என்று ஊரார் சொல்லும் கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர், காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பவிருந்த ஆங்கிலக் கடிதமொன்றைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டன என்பதுதான் செய்தி. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் அகராதியைப் புரட்டி, 'தி போட் டீவியேட்டட் ஃப்ரம் இட்ஸ் ரூட்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் காப்பீட்டுத் துறைக்கு எழுதும் கடிதத்தில் அதைவிடத் தீங்கான சொல்லைத் தேடிப் பிடிப்பது கடினம்.

காரணம் இதுதான். கடல்சார் காப்பீட்டில் 'டீவியேஷன்' என்பது சட்டச் சொல். குறிப்பிட்ட ஒரு பயணத்துக்காகக் காப்பீடு செய்யப்பட்ட கப்பல், தகுந்த காரணமின்றி அந்தப் பயணத்தின் வழியிலிருந்து விலகினால், விலகிய கணத்திலிருந்தே காப்பீட்டாளரின் பொறுப்பு நீங்கிவிடும் என்று இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டமும், அதை அடியொற்றி இயற்றப்பட்ட இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும் சொல்கின்றன. சேதம் நேரும் முன்பே கப்பல் பழைய வழிக்குத் திரும்பியிருந்தாலும் அந்தப் பொறுப்பு மீண்டும் வராது. கப்பலின் பாதுகாப்புக்காகவோ மனித உயிரைக் காப்பதற்காகவோ விலகுவது, கப்பல் தலைவரின் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தால் விலக நேர்வது போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மீன்பிடிப் படகின் பாலிசிக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் கடிதத்தைப் படிக்கும் அதிகாரியின் மனத்தில் எந்த எண்ணம் முதலில் எழும் என்பதில் ஐயமில்லை. நாங்கள் அதை 'தி இன்ஜின் ஃபெயில்ட் அண்ட் தி போட் டிரிஃப்டட் சவுத்' என்று மாற்றினோம். 'டிரிஃப்ட்' என்றால் செலுத்துவார் இல்லாமல் காற்றும் நீரும் போன போக்கில் போவது. நடந்ததும் அதுதான்.

தமிழில் 'திசை மாறியது', 'வழி மாறியது' என்று ஒரே தொடரால் சொல்லிவிடும் செய்திக்கு ஆங்கிலத்தில் இருபது சொற்களாவது இருக்கின்றன. ஒத்தசொல் அகராதிகள் அவற்றை ஒரே வரிசையில் அடுக்கித் தருவதால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற மயக்கம் உண்டாகிறது. அகராதியைத் திறப்பதற்கு முன்பாக, நடந்த நிகழ்ச்சியைத் தமிழிலேயே சில கேள்விகள் கேட்டுப் பார்த்துவிட்டால், அந்த இருபது சொற்களில் பதினெட்டு தாமாகவே உதிர்ந்துவிடும். அந்தக் கேள்விகளை, நான் வழக்கமாகக் கேட்கும் வரிசையிலேயே கீழே தருகிறேன்.

முதல் படி: திரும்பியதா, திருப்பப்பட்டதா?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் படி எளிது. திரும்பு–திருப்பு, மாறு–மாற்று, விலகு–விலக்கு என்று நம் வினைகள் இணை இணையாகவே வருகின்றன. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. ஆங்கிலத்தில் 'டர்ன்', 'சேஞ்ச்', 'ஷிஃப்ட்' ஆகிய மூன்றும் வடிவம் மாறாமல் இரண்டு வேலையையும் பார்க்கின்றன. அதனால் மற்ற வினைகளும் அப்படித்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் 'டைவர்ட்', 'டிஃப்ளெக்ட்', 'ரீடைரக்ட்', 'ரீரூட்' ஆகியவை பெரும்பாலும் பிறவினைகள். திருப்புபவர் ஒருவர், திருப்பப்படும் பொருள் ஒன்று என இரண்டும் வேண்டும். 'டீவியேட்', 'டைவெர்ஜ்', 'டைக்ரஸ்', 'ஸ்ட்ரே' ஆகியவை தன்வினைகள். அவற்றுக்கு அடுத்து நேராகச் செயப்படுபொருள் வராது.

அரியாங்குப்பம் பாலத்தில் வேலை நடப்பதால் கடலூர்ப் பேருந்துகள் வில்லியனூர் வழியாகப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 'பஸ்கள் திருப்பிவிடப்பட்டன' என்றுதான் தமிழில் சொல்வோம். ஆங்கிலத்திலும் 'தி பஸ்ஸஸ் வேர் டைவர்ட்டட்' என்று செயப்பாட்டு வினை வர வேண்டும். 'தி பஸ்ஸஸ் டீவியேட்டட்' என்று எழுதினால், ஓட்டுநர்கள் அனுமதியில்லாமல் தடத்தை மாற்றிக்கொண்டார்கள் என்ற பொருள் வந்துவிடும். வான்பயணத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு: மழையில் தரையிறங்க முடியாமல் வேறு நிலையத்துக்குப் போன விமானத்தை, 'தி ஃபிளைட் டைவர்ட்டட் டு திருச்சி' என்று தன்வினையாகவே விமானத் துறையினர் சொல்கிறார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இந்தக் கேள்வியை இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் செய்தவரை வாக்கியத்தில் நிறுத்துவதும் மறைப்பதும் இதில்தான் இருக்கிறது. ஆறுகள் தாமாகவும் போக்கை மாற்றிக்கொள்ளும். வெள்ளம் ஒரு கரையை அரித்து மறுகரையில் மண்ணைச் சேர்த்துக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் ஆறு இருந்த இடம் மேடாகிவிடும். அப்போது 'தி ரிவர் ஷிஃப்டட் இட்ஸ் கோர்ஸ்' என்பது பொருத்தம். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்குப் புதிய கால்வாய் வெட்டப்பட்டது தானாக நடந்ததன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதையும், அதை எதிர்த்துப் போராட்டம் எழுந்ததையும் நாடே பார்த்தது. அங்கே 'டைவர்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'பரவனாறு போக்கை மாற்றிக்கொண்டது' என்ற பொருளில் ஒருவர் ஆங்கில வாக்கியம் அமைத்தால், கால்வாயை வெட்டியவரும் இல்லை, நிலத்தைக் கொடுத்தவரும் இல்லை என்றாகிவிடும்.

'டிஃப்ளெக்ட்' என்பதற்கு வேறொரு சாயல் உண்டு. வந்துகொண்டிருக்கும் ஒன்று எதிலோ பட்டுத் திசை திரும்புவது அது. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு விலகுவதும், செய்தியாளரின் கேள்வியை அமைச்சர் வேறு பேச்சுக்குத் தட்டிவிடுவதும் இந்தச் சொல்லுக்குள் வரும். 'தட்டிவிட்டார்' என்று தமிழில் சொல்ல முடிந்தால் 'டிஃப்ளெக்ட்' பொருந்தும்.

இரண்டாம் படி: எவ்வளவு வேகமாக, யார் கட்டுப்பாட்டில்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். 'ஒடித்துத் திருப்பினார்' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு நேர் இணை 'ஸ்வெர்வ்'. திடீரென நடப்பது, ஒன்றின் மேல் மோதாமல் இருக்க நடப்பது, பெரும்பாலும் செலுத்துபவரின் கையால் நடப்பது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. 'வீர்' என்பதும் திசை திரும்புவதுதான். ஆனால் ஏன் திரும்பியது, யார் திருப்பினார் என்பதை அது சொல்வதில்லை. 'தி வேன் வீர்ட் ஆஃப் தி ரோடு' என்றால் வேன் சாலையை விட்டு இறங்கிவிட்டது. தூக்கமா, டயர் வெடிப்பா என்பது இனித்தான் தெரிய வேண்டும். எனவே விபத்தைப் பற்றிய புகாரிலோ அறிக்கையிலோ காரணம் உறுதியாகாத நிலையில் 'வீர்' பாதுகாப்பான சொல். ஓட்டுநர் மோதலைத் தவிர்க்க முயன்றார் என்பது உறுதியானால் மட்டுமே 'ஸ்வெர்வ்' எழுதலாம்.

காற்றைப் பற்றி எழுதும்போது 'வீர்' என்பதற்கு இன்னும் துல்லியமான பொருள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வானிலையியலில் காற்றின் திசை கடிகார முள் சுற்றும் வழியில் மாறினால் 'வீர்', எதிர்வழியில் மாறினால் 'பேக்'. நம் கரையில் இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். வங்கக் கடல் புயல்களில் காற்று மையத்தைச் சுற்றி இடமாகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் நமக்குத் தெற்கே கரையைக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று பிறகு கிழக்குக்கும், அதன் பின் தெற்குக்கும் மாறும், இது 'வீர்'. மையம் நமக்கு வடக்கே கடந்தால் வடக்கு, மேற்கு, தெற்கு என்று மாறும்; இது 'பேக்'. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே போன்ற ஒரு புயலில், இரண்டு நகரங்களின் காற்றுக்கும் ஒரே வினையை எழுதிவிட முடியாது.

புயலின் பாதையைச் சொல்லும்போது இன்னொரு பிழை நேர்கிறது. வடமேற்காக வந்துகொண்டிருக்கும் புயல் வடக்கே வளைந்து, பின் வடகிழக்காகத் திரும்பிப் போவதற்கு 'ரிகர்வ்' என்ற தனிச் சொல் இருக்கிறது. எந்த வளைவுக்கும் அதைப் போட்டுவிடக் கூடாது. 2018 நவம்பரில் கடலூர்ப் பக்கத்தை நோக்கி வரும் என்று தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்ட கஜா, 16ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. அதை எழுதும்போது 'தி ஃபோர்காஸ்ட் டிராக் ஷிஃப்டட் சவுத்' என்பதே சரி, ஏனென்றால் தெற்கே நகர்ந்தது கணிப்பு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் அங்கே திசை மாறவில்லை; நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியதற்கு அந்த நிற்றலே காரணம். அதற்குச் சொல் 'ஸ்டால்'. திசை மாற்றச் சொற்களைத் தேடுகிறவர், மாற்றம் உண்மையில் நடந்ததா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: விலகக் கூடாத கோடு ஒன்று இருந்ததா?

'டீவியேட்' என்ற சொல்லுக்குள் வழி என்ற பொருளுடைய 'வியா' என்னும் இலத்தீன் சொல் இருக்கிறது. வழியிலிருந்து விலகுதல் என்பதே அதன் பகுதிப்பொருள். விதிக்கப்பட்ட, ஒப்புக்கொள்ளப்பட்ட அல்லது இயல்பான ஒரு கோடு முன்பே இருந்தால்தான் அந்த வினைக்கு வேலை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை மீறி மாடியில் ஓர் அறை எழுப்பினால், திட்டக் குழும அலுவலகம் அதை 'டீவியேஷன்' என்று குறிக்கிறது. புள்ளியியலில் அதே சொல் குற்றச் சாயலே இல்லாமல் சராசரியிலிருந்து விலகும் அளவைக் குறிக்கிறது. 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்பதற்கு நம் பாடநூல்களின் 'திட்ட விலக்கம்' நல்ல தமிழாக்கம். ஆகவே மனிதர்களைப் பற்றி எழுதும்போது குற்றம் சாட்டுகிற தொனி, எண்களைப் பற்றி எழுதும்போது நடுநிலைத் தொனி என்று இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு கண்ணி காத்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் சாலையில் மாற்றுவழியைக் காட்டும் பலகையில் 'தேவியாசியோன்' என்றே எழுதியிருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவரோ பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரோ ஆங்கிலத்திலும் அதே சொல்லைப் போடுவது இயல்பு. நம் நெடுஞ்சாலைகளிலும் 'டேக் டீவியேஷன்' என்ற பலகைகள் அங்கங்கே தென்படுவதால் அந்தப் பிழை உறுதிப்படுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பலகைக்குரிய சொல் 'டைவர்ஷன்'.

'ஸ்ட்ரே' என்பது வழி தவறுதல். கூட்டத்தை விட்டு ஆடு பிரிவதும், அறியாமல் கடல் எல்லையைத் தாண்டிப் படகு போய்விடுவதும் அதில் அடங்கும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களைப் பற்றிய மனுவில் 'ஸ்ட்ரேட்' என்று எழுதினால் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் சேர்ந்து பதிவாகிறது. 'கிராஸ்ட்' என்றால் அந்தப் பதிவு இல்லை. மனு எழுதுகிறவர் எதைச் சொல்ல விரும்புகிறார் என்பதைத் தெளிந்துகொண்டு எழுத வேண்டும்.

நான்காம் படி: பழைய வழிக்குத் திரும்பி வருமா?

சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற குடும்பம், பலாப்பழம் வாங்குவதற்காகப் பண்ருட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் அது 'டீடூர்'. அதே குடும்பத்தின் காரைக் காவலர் கைகாட்டி வேறு தெருவில் திருப்பிவிட்டால் அது 'டைவர்ஷன்'. இரண்டிலும் சேருமிடம் மாறவில்லை. சுற்றிப் போனாலும் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் சாலைப் பலகையிலும் 'டீடூர்' என்றே இருக்கும். பிரிட்டனிலும் நம் நாட்டிலும் 'டைவர்ஷன்' இருக்கும். எனவே இந்திய வாசகருக்கு எழுதும்போது, தாமாக விரும்பிச் சுற்றுவதற்கு ஒன்று, பிறர் சுற்றவிடுவதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வது வசதி.

பேச்சிலும் எழுத்திலும் நடக்கும் சுற்றலுக்கு 'டைக்ரஸ்' மட்டுமே. சாலைக்கோ ஆற்றுக்கோ அந்தச் சொல் பொருந்தாது. 'டைவர்ஷன்' என்பதற்கு ஆங்கிலத்தில் பொழுதுபோக்கு என்றும் பொருள் இருப்பது, கவலையிலிருந்து மனத்தைத் திருப்பிவிடுவது என்ற வழியில் வந்தது. அதே இலத்தீன் வேரில் பிறந்த பிரெஞ்சு வினை இன்று பெரும்பாலும் மகிழ்விப்பதைத்தான் குறிக்கிறது.

பணத்தைப் பற்றி எழுதும்போது மிகவும் கவனம் வேண்டும். தையல் இயந்திரம் வாங்குவதற்காக வாங்கிய வங்கிக் கடனை, அதே தொழிலின் கடை முன்பணத்துக்குச் செலவிட்டால் அது 'டைவர்ஷன் ஆஃப் ஃபண்ட்ஸ்'. தொழிலுக்குத் தொடர்பே இல்லாத காரியத்துக்காக, தொழிலுக்குக் கேடு வரும்படி பணத்தை வெளியே எடுத்துவிட்டால் 'சைஃபனிங்'. இந்த வேறுபாட்டை ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளே செய்கின்றன. மகளிர் குழுவின் கணக்கறிக்கையில் முதலாவதைச் சொல்ல வந்து இரண்டாவதை எழுதிவிட்டால், விளக்கக் கடிதம் எழுதி மாளாது.

ரயில் செய்திகளில் 'டைவர்ட்டட்' என்றால் வேறு தடத்தில் போய்ச் சேரும் என்று பொருள். கடலூர் துறைமுகம் வரை வர வேண்டிய வண்டி விழுப்புரத்தோடு நின்றுவிட்டால் அது 'ஷார்ட் டெர்மினேட்டட்'.

ஐந்தாம் படி: ஒன்றா, இரண்டா?

இது சிறிய படி. 'டைவெர்ஜ்' என்பதற்குக் குறைந்தது இரண்டு கோடுகள் வேண்டும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு தடமும் கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒரு தடமும் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒரு தடமும் பிரிகின்றன. அவை 'டைவெர்ஜ்' ஆகின்றன. கூட்டாளிகள் இருவரின் கருத்துகள் பிரிவதற்கும் அதே சொல். தனி ஒருவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதற்கு அது ஆகாது.

ஆறாம் படி: மாறியது மனமா, வாழ்க்கையா, உத்தியா?

இங்கேதான் நம்மவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். அதற்கு முதல் காரணம் 'கோர்ஸ்' என்ற சொல்லே. ஆங்கிலத்தில் 'சேஞ்ச் கோர்ஸ்' என்று இடையில் எதுவும் சேர்க்காமல் சொன்னால் போக்கை மாற்றுதல் என்று பொருள். நம் ஊரில் கோர்ஸ் என்றால் படிப்பு. ஒரு மாணவி பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'ஐ சேஞ்ச்ட் மை கோர்ஸ் இன் தி செகண்ட் இயர்' என்று எழுதியிருந்தார்; அவர் சொல்ல வந்தது ஆராய்ச்சியின் அணுகுமுறையை மாற்றியதை. படித்தவருக்கோ அவர் பாடப்பிரிவையே மாற்றிக்கொண்டார் என்று தோன்றும். நடுவில் நுழைந்த 'மை' செய்த வேலை அது. பாடப்பிரிவை மாற்றியதைச் சொல்ல வேண்டுமானால் 'ஸ்விட்ச்ட் ஃப்ரம் பிசிக்ஸ் டு மேத்ஸ்' என்று இரண்டு முனைகளையும் சொல்லிவிடுவதே குழப்பமில்லாத வழி. 'ஸ்விட்ச்' என்பது விளக்கின் பொத்தானைப் போல ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு முழுதாகப் போவது. 'ஷிஃப்ட்' சிறிது சிறிதாக நகர்வது. வீடு மாறியதை 'ஷிஃப்ட்' என்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. வெளிநாட்டு வாசகருக்கு 'மூவ்' என்றே எழுதுங்கள்.

'சேஞ்ச் டேக்' என்ற தொடரைப் பலர் கடைசியில் 'டி' எழுத்தைச் சேர்த்து 'டேக்ட்' என்று எழுதுகிறார்கள். 'டேக்ட்' என்றால் நயம், இங்கிதம். 'டேக்' பாய்க்கப்பலின் சொல். எதிர்க்காற்றில் பாய்மரக் கலம் நேராகப் போக முடியாது. காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் கொஞ்சத் தூரம், பிறகு மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பி மறுபக்கம் கொஞ்சத் தூரம் என்று வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். அப்படித் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டேக்'. ஆகவே குறிக்கோள் மாறாமல் உத்தி மட்டும் மாறும்போது 'சேஞ்ச் டேக்', போகும் திசையே மாறும்போது 'சேஞ்ச் கோர்ஸ்' என்று கொள்வது சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்துகிறது. இன்றைய வணிக எழுத்தில் அளவுக்கு மீறி வருகிற 'பிவட்' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு காலை ஊன்றிக்கொண்டு உடலைத் திருப்புவது அது. 2020 ஊரடங்கில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் பார்சல் சாப்பாட்டுக்கு மாறியதை 'பிவட்' எனலாம், சமையல் என்ற ஊன்றுகால் அப்படியே இருந்ததால். உணவகத்தை மூடிவிட்டுக் கைப்பேசிக் கடை வைத்தவர் 'பிவட்' செய்யவில்லை.

பல்டி அடித்தார் என்று நாம் சொல்வதற்கு 'யூ-டர்ன்' பொருந்தும். ஆனால் அது ஏளனம் கலந்த சொல். அலுவலகக் கடிதத்தில் மேலதிகாரியின் முடிவு மாறியதைச் சொல்ல 'ரிவைஸ்ட்' அல்லது 'ரீகன்சிடர்ட்' போதும். கட்சி தாவலுக்கு 'டிஃபெக்ட்'; 1985இல் அரசமைப்பின் பத்தாம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

வாழ்க்கையே திசை மாறுவதற்கு எடுத்துக்காட்டுத் தேட நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் சைவக் குடும்பத்தில் பிறந்த மருள்நீக்கியார், பாடலிபுத்திரம் என்னும் திருப்பாதிரிப்புலியூரின் சமண மடத்தில் சேர்ந்து தருமசேனராகி, பிறகு தமக்கை திலகவதியாரால் திருவதிகையில் மீண்டும் சைவத்துக்குத் திரும்பி நாவுக்கரசரானார் என்று பெரியபுராணம் சொல்கிறது. முதல் மாற்றத்துக்கு 'கன்வெர்ட்', இரண்டாவதற்கு 'ரிவெர்ட்' அல்லது எளிய 'ரிடர்ன்'. பழைய நிலைக்கு மீளுதல் என்பதே 'ரிவெர்ட்' என்பதன் பொருள். 'பதில் எழுதுக' என்ற பொருளில் நம் அலுவலகங்கள் மின்னஞ்சலின் கீழே 'கைண்ட்லி ரிவெர்ட்' என்று எழுதுவதை இந்திய ஆங்கிலத்தின் பிள்ளை என்று பொறுத்துக்கொள்ளலாம். அதோடு 'பேக்' சேர்த்து 'ரிவெர்ட் பேக்' என்று எழுதுவதை எனக்குப் பொறுக்க முடிவதில்லை. கல்லோடு கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் கடலூர்க் கரையில் மிதந்து வந்து சேர்ந்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'டிரிஃப்டட் அஷோர்' என்று எழுதுவாரும் உண்டு. செலுத்துவார் இல்லாமல் போவதே 'டிரிஃப்ட்' என்பதால், அந்த வரலாற்றை நம்புகிற அடியவர் அந்தச் சொல்லை ஏற்கமாட்டார். 'வாஸ் கேரிட் அஷோர்' என்பதே அவருக்கு உகந்தது.

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்திறங்கிய அரவிந்தரின் மாற்றம் இன்னொரு வகை. அவரைப் பற்றி 'ஸ்விட்ச்ட் ஃப்ரம் பாலிடிக்ஸ் டு யோகா' என்று எழுதினால் வேலை மாறியவரைப் போல ஒலிக்கும். 'டர்ன்ட் டு யோகா' என்ற எளிய வினையில் முகத்தை ஒன்றின் பக்கம் முழுதாகத் திருப்பியதன் கனம் இருக்கிறது. பெரிய மாற்றத்துக்குப் பெரிய சொல் வேண்டும் என்பது தப்பெண்ணம். 'டர்ன்' என்ற பழைய சொல்லை நான் இருபது சொற்களின் தலையில் வைப்பேன்.

ஏழாம் படி: அடுத்து வரும் சிறுசொல்லைச் சரிபார்த்தல்

சரியான வினையைப் பிடித்த பின்பும் அதையடுத்து வரும் முன்னிடைச்சொல்லில் வாக்கியம் சறுக்குவதுண்டு. 'டீவியேட்', 'டைக்ரஸ்', 'ஸ்ட்ரே' மூன்றும் 'ஃப்ரம்' என்பதையே கேட்கும். 'டைவர்ட்' வினைக்கு எதிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எதற்கு என்பதற்கு 'டு', எந்த வழியாக என்பதற்கு 'வியா' அல்லது 'த்ரூ' வரும். 'ஸ்வெர்வ்' என்பதை அடுத்து 'டு அவாய்ட்' வருவது இயல்பு. 'வீர்' என்பதற்கு 'ஆஃப்' அல்லது 'டுவர்ட்ஸ்'. 'டர்ன்' மட்டும் சிறுசொல்லுக்குத் தக்கபடி பொருளே மாறும்: 'டர்ன் பேக்' என்றால் வந்த வழியே திரும்பிப் போவது, 'டர்ன் அரவுண்ட்' என்றால் முகத்தைப் பின்பக்கம் திருப்புவது, 'டர்ன் ஆஃப்' என்றால் பெருஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் இறங்குவது. 'ரிடர்ன் பேக்' என்பது தேவையற்ற இரட்டிப்பு. 'அவெர்ட்' என்பதை 'டைவர்ட்' என்று எண்ணிக் குழம்புவோரும் உண்டு. விபத்தை 'அவெர்ட்' செய்யலாம், வண்டியை 'டைவர்ட்' செய்யலாம், மாற்றிப் போட முடியாது.

எட்டாம் படி: தமிழுக்குத் திருப்பிப் பார்த்தல்

எழுதி முடித்த ஆங்கில வாக்கியத்தை, சொல்லின் சாயல் கெடாமல் தமிழுக்குத் திருப்பி உரக்கப் படித்துப் பாருங்கள். அகராதி காட்டும் பொதுப்பொருளை வைத்துத் திருப்பினால் எல்லாமே 'மாறியது' என்று வந்து பயனில்லாமல் போகும். மேலே பார்த்த தனிச்சாயலை வைத்துத் திருப்ப வேண்டும். 'தி லாரி டீவியேட்டட் அண்ட் ஹிட் தி காம்பவுண்ட் வால்' என்ற வாக்கியம் 'லாரி நெறி பிறழ்ந்து மதில் சுவரில் மோதியது' என்று திரும்பி வரும். சிரிப்பு வந்துவிட்டால் 'வீர்' போடுங்கள். 'ஷி ஸ்வெர்வ்ட் ஃப்ரம் இன்ஜினியரிங் டு லா' என்பது 'பொறியியலிலிருந்து சட்டத்துக்கு ஸ்டியரிங்கை ஒடித்தாள்' என்று வரும். எதிரே மாடு ஏதும் நிற்கவில்லை என்றால் 'ஸ்விட்ச்ட்' போதும். 'தி ப்ரொசெஷன் வாஸ் டைவர்ட்டட் த்ரூ மிஷன் ஸ்ட்ரீட்' என்பது 'ஊர்வலம் மிஷன் தெரு வழியாகத் திருப்பிவிடப்பட்டது' என்று வரும். திருப்பிவிட்ட காவலர் அந்த வாக்கியத்தில் நிற்கிறார், ஊர்வலமும் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்; அதில் கைவைக்க ஒன்றுமில்லை.